ஒரு மணி ஏழு நிமிடம்

சிநேகா விமானத்தில் ஏறியது கிடையாது. விமான நிலையத்துக்குள் காலடி வைத்ததும் கிடையாது. ஆனால் சேலத்திலிருந்து கடப்பாவுக்கு வான்வழியில் எத்தனை கிலோமீட்டர், ராஜமுந்திரியிலிருந்து ஹூப்ளிக்குப் பறக்க எவ்வளவு நேரம் என்று கேட்டால், கையிலிருக்கும் வேலையை நிறுத்தாமல் பதில் சொல்வாள். மூன்று வருடமாக அவளுக்குச் சோறு போடுவது இந்தக் கணக்குதான்.

ஊரப்பாக்கத்தில் ஜி.எஸ்.டி. சாலையை ஒட்டி ஒரு டைல்ஸ் கடை இருக்கிறது. அதன் மாடியில் பதினோரு பேர் வரிசையாகக் கம்ப்யூட்டர் முன்னால் உட்கார்ந்து, இணையத்தில் பயணத் தகவல் தேடுகிறவர்களுக்காகப் பக்கங்கள் தயாரிக்கிறார்கள். இந்த விமான நிலையத்திலிருந்து அந்த விமான நிலையத்துக்கு எவ்வளவு தூரம், பறக்கும் நேரம் எவ்வளவு, ஒரு ஜோடிக்கு ஒரு பக்கம். சிநேகா அதை ஆங்கிலத்திலும் தமிழிலும் எழுதுவாள். இரண்டும் தெரிந்தவள் என்பதால்தான் அவளை எடுத்தார்கள். ஒரு நாளைக்கு நாற்பது பக்கம்.

கணக்கு சுலபமானது. வரைபடத்தில் இரண்டு ஊருக்கும் நடுவே நேர்கோடு. அந்தத் தூரத்தை எண்ணூறால் வகுத்து, ஏறுவதற்கும் இறங்குவதற்கும் அரை மணி நேரம் கூட்டினால் பறக்கும் நேரம் வந்துவிடும். அந்த இரண்டு ஊருக்கும் நடுவே உண்மையில் விமானம் ஓடுகிறதா என்பது அந்தக் கணக்கில் கிடையாது. வேலைக்குச் சேர்ந்த புதிதில் அவள் இதை மேற்பார்வையாளர் தீனதயாளனிடம் கேட்டிருக்கிறாள்.

"சார், இந்த ரூட்டுல ஃபிளைட்டே இல்லையே?"

"அதப் பாக்கறது நம்ம வேல இல்லம்மா. கேக்கறவன் தூரம் கேக்கறான். நீ தூரத்தக் குடு" என்றார் அவர். அதன் பிறகு அவள் கேட்கவில்லை.

அவளுடைய ஊர் திருக்கழுக்குன்றத்துக்கும் மாமல்லபுரத்துக்கும் நடுவே, கடல் தண்ணீர் ஏறித் தேங்கும் கழிவெளிக்குப் பக்கத்தில் இருக்கிறது. முந்தின தலைமுறை வரைக்கும் அடுத்தவர் வயலில் நாற்று நட்டுப் பிழைத்த தெரு அது. இன்றைக்கு அதே தெருவில் லைன்மேன் இருக்கிறார், நர்ஸ் இருக்கிறார், கடலோர விடுதிகளில் காவலுக்கும் சமையலுக்கும் போகிறவர்கள் இருக்கிறார்கள். அவளுடைய அப்பா ராஜேந்திரன் ஈ.சி.ஆர். என்கிற கிழக்குக் கடற்கரைச் சாலையில் ஒரு விடுதியின் வாசலில் நின்று வருகிற காருக்கெல்லாம் கதவு திறப்பவர். காலை ஆறே முக்காலுக்கு டவுன் பஸ் பிடித்துச் செங்கல்பட்டு போய், அங்கிருந்து மின்சார ரயிலில் ஊரப்பாக்கம் போய்ச் சேர்வாள் சிநேகா. கழுத்தில் நீல நாடா, அதன் நுனியில் ஒரு அட்டை. அட்டையில் அவளுடைய போட்டோவுக்கு மேலே சின்னதாக ஒரு விமானம்.

அந்த விமானப் படத்திலிருந்துதான் எல்லாம் தொடங்கியது.

வேலை கிடைத்த வாரம் அம்மா அந்த அட்டையைத் தெருவெல்லாம் காட்டினாள். என்ன வேலை என்று கேட்டவர்களிடம், "ஏரோப்ளேன் சம்பந்தமான ஆபீசு" என்றாள். ஆபீசு நாலு வீடு தாண்டுவதற்குள் ஏர்போர்ட்டாகிவிட்டது. அடுத்த ஞாயிறு, கோயிலில் காணிக்கை அறிக்கை வாசிக்கும்போது அப்போதிருந்த ஆயர், "விமான நிலையத்தில் வேலை கிடைத்ததற்காக சகோதரி சிநேகா குடும்பத்தார் ஸ்தோத்திரக் காணிக்கை" என்று ஒலிபெருக்கியில் படித்தார். பெண்கள் பக்கத்தில் இரண்டாவது பெஞ்சில் உட்கார்ந்திருந்த சிநேகாவைத் திரும்பித் திரும்பிப் பார்த்தார்கள். எழுந்து நின்று, ஐயா, அது அப்படி இல்லை என்று சொல்ல ஒரு கூட்டத்தில் யாரால் முடியும்? தலையைக் குனிந்துகொண்டாள். அடக்கமான பெண் என்று எல்லாரும் நினைத்தார்கள்.

பிறகு சொல்லிக்கொள்ளலாம் என்று விட்டது, மூன்று வருடம் அப்படியே கிடந்தது. யாராவது சிங்கப்பூர் போகிற பிள்ளையின் பெட்டியில் எத்தனை கிலோ வைக்கலாம் என்று கேட்டு வந்தால், போனில் தேடிப் பார்த்துச் சொல்லுவாள். சரியாகத்தான் சொல்லுவாள். சரியாகச் சொல்லச் சொல்ல, இல்லை என்று சொல்வது இன்னும் கடினமாகிக்கொண்டே போனது.

அந்த ஐப்பசியில், ஒரு சனிக்கிழமை விடிகிற நேரத்தில், பெரியம்மா மேரி இறந்துபோனாள்.

மேரி, அப்பாவின் மூத்த அண்ணனுடைய மனைவி. புருஷன் போய்ப் பத்து வருடம். பள்ளிக்கூடத்தில் சத்துணவு சமைத்து ஒரே மகனைப் படிக்க வைத்தவள். மகன் ஜோஷ்வா கர்நாடகத்தில் பெல்லாரிப் பக்கம் ஒரு இரும்பாலையில் ஃபிட்டர். சர்க்கரை முற்றிப்போய் இரண்டு மாதமாகப் படுக்கையில் இருந்தாள் மேரி. வருகிற மாதம் லீவு போட்டு வருவதாக மகன் சொல்லியிருந்தான்.

காரியங்களைக் கையில் எடுத்துக்கொண்டது சித்தப்பா ஏசுபாதம். லைன்மேன், சபையின் கமிட்டியிலும் இருப்பவர். தெருவில் எந்த நல்லது கெட்டது என்றாலும் நேரம் குறிப்பவர் அவர்தான். ஆறு மணிக்கு ஜோஷ்வாவுக்குப் போன் போட்டு, அவன் அழுது ஓயும்வரை காத்திருந்து, எப்போது வந்து சேர்வாய் என்று கேட்டார். பஸ்ஸில் பெங்களூர் வந்து அங்கிருந்து மாறினால் நள்ளிரவு தாண்டிவிடும் என்றான் அவன்.

அந்த ஊரில் அடக்கத்துக்கு நேரம் குறிப்பது லேசான காரியமில்லை. கல்லறைத் தோட்டம் கழிவெளி ஓரமாக இருக்கிறது. மழைக்காலத்தில் நாலடி தோண்டினால் தண்ணீர் ஊறும். குழி வெட்டி இரண்டு மணி நேரத்துக்குள் பெட்டியை இறக்க வேண்டும். அதனால் முதலில் நேரத்தை முடிவு செய்வார்கள், பிறகு அதிலிருந்து பின்னோக்கி எண்ணிக் குழி வெட்டுவார்கள். முதல் பிடி மண்ணை மூத்த பிள்ளை போட வேண்டும். அவன் வருகிற நேரம்தான் எல்லாருக்கும் நேரம்.

சித்தப்பா போனைக் கையில் வைத்துக்கொண்டே வாசலில் நின்று கூப்பிட்டார். "சிநேகா! இங்க வாம்மா. அவன் கீற ஊர்ல ஏர்போர்ட்டு கீதாம். அங்கேர்ந்து நம்ம பக்கம் வர எவ்ளோ நேரம் ஆவும்?"

சுற்றிலும் பதினைந்து இருபது பேர் இருந்தார்கள். எல்லாரும் அவளைப் பார்த்தார்கள்.

அவளுக்கு யோசிக்க வேண்டியிருக்கவில்லை. போன மாதம்தான் அந்தப் பக்கத்தை எழுதியிருந்தாள். வித்யாநகரிலிருந்து புதுச்சேரி: நானூற்றுத் தொண்ணூற்றைந்து கிலோமீட்டர். அங்கிருந்து சென்னைக்கான பக்கம் இன்னும் அவள் கைக்கு வரவில்லை. அண்ணன் வேலை செய்கிற ஊர் என்பதால் நினைவிலேயே இருந்தது.

"பாண்டிச்சேரிக்கு ஒரு மணி ஏழு நிமிஷம், சித்தப்பா."

"ஒரு மணி ஏழு நிமிஷமா! அட்றா சக்க. பாண்டிலேர்ந்து ஈ.சி.ஆர்.ல கார் வச்சா ரெண்டு மணி நேரம். பிளேன் எத்தினி மணிக்கும்மா?"

இந்த இடத்தில் அவள், தெரியாது, பார்த்துச் சொல்கிறேன் என்று சொல்லியிருக்கலாம். அதற்கு ஒரு மூச்சு நேரம்கூட ஆகியிருக்காது. ஆனால் அந்த ஏழு நிமிஷத்தைக் கேட்டுக் கூட்டத்தில் யாரோ வியப்பில் நாக்கைச் சப்புக் கொட்டினார்கள். அம்மா அழுகைக்கு நடுவிலும் நிமிர்ந்து அவளைப் பார்த்தாள்.

"பதினோரு மணிக்குள்ள ஒண்ணு இருக்கும்" என்றாள் சிநேகா.

சித்தப்பா போனைக் காதில் வைத்தார். "டேய் ஜோஷ்வா, பஸ்ஸெல்லாம் வாணாம். நம்ம சிநேகா சொல்லிடுச்சி. நிதானமா கிளம்பி ஏர்போர்ட்டுக்குப் போ. அங்கயே டிக்கெட்டு எடுத்துக்கலாம். நாலு மணிக்கு இங்க கீற."

அடுத்த பத்து நிமிடத்தில் நாலு மணி என்பது ஆயருக்குப் போனது, கோவளத்து உறவுக்காரர்களுக்குப் போனது, மதுராந்தகத்துக்குப் போனது, ஃபிளெக்ஸ் அடிக்கிற கடைக்கும் போனது.

பெரியம்மாவைக் குளிப்பாட்ட வெந்நீர் வைத்திருந்தார்கள். அந்த வேலைக்கு நடுவே, ஏழேகால் மணிக்கு, சிநேகா கொல்லைப்பக்கம் போய் நின்று போனில் டிக்கெட் தேடினாள். வட்டம் சுற்றியது. பிறகு ஒரே வரி வந்தது. இந்தத் தேதியில் நேரடி விமானம் இல்லை. தேதியை மாற்றினாள். அன்றைக்கும் இல்லை. அந்த வாரத்தில் எந்த நாளும் இல்லை. அங்கிருந்து புதுச்சேரிக்கு விமானமே கிடையாது.

அவளுக்கு இது புதுச் செய்தியும் இல்லை. அதுதான் அவளைச் சுட்டது. நாற்பது பக்கத்தில் முப்பது பக்கம் இப்படிப்பட்டதுதான் என்பது அந்த மாடியில் உட்கார்ந்திருக்கும் எல்லாருக்கும் தெரியும். தெரிந்தே சொல்லியிருந்தாள்.

உடனே உள்ளே போய்ச் சொல்லிவிடலாம் என்று நாலு அடி வைத்தாள். "இன்னா பாப்பா, வெந்நி ஆறுது, சொம்பு எங்க?" என்று யாரோ கேட்டார்கள். சொம்பைத் தேடப் போனாள். தேடி எடுத்துக் கொடுத்தபோது, சொல்லாமல் இருக்க அதையே ஒரு காரணமாக்கிக்கொண்டாள்.

ஒன்பது பத்துக்கு ஜோஷ்வாவிடமிருந்து அவளுக்கே போன் வந்தது.

"பாப்பா, ஏர்போர்ட்டு வாசல்ல நிக்கறேன். கேட்டுல கீற ஆளு சிரிக்கறான். பாண்டிச்சேரிக்கெல்லாம் இங்கேர்ந்து எதுவும் போறதில்லையாம். இன்னொரு தபா கரெக்டா பாத்துச் சொல்லு."

"இல்லண்ணா. நான் சொன்னது தப்பு."

"தப்புன்னா?"

"அந்த ரூட்டுல ஃபிளைட்டு இல்ல."

அந்தப் பக்கம் லாரி ஒன்று போகிற சத்தம் கேட்டது. அவன் திட்டுவான் என்று காத்திருந்தாள். திட்டியிருந்தால் அவளுக்கு நன்றாக இருந்திருக்கும்.

"சரி" என்றான். "பெங்களூர் பஸ்ஸு புடிக்கறேன். சித்தப்பாகிட்ட நீ சொல்லிடறியா? அவர்கிட்ட பேசினா எனக்கு அழுகை வந்துடும். போன்ல சார்ஜும் கம்மியா கீது. அம்மாவ நாளைக்கு வரிக்கும் வச்சிருக்கச் சொல்லு பாப்பா. நான் பாக்கணும்."

"நான் சொல்லிக்கறேன்ணா."

சொல்லிக்கறேன் என்றவள் சொல்லவில்லை.

ஒன்பதரைக்குச் சித்தப்பாவைத் தேடிப் போனபோது அவர் ஆயரோடு போனில் பேசிக்கொண்டிருந்தார். "ஆமாங்கய்யா, பிளேன்ல வரான். நம்ம சபைப் பொண்ணு ஏர்போர்ட்ல கீது இல்ல, அது ஏற்பாடு பண்ணிடுச்சி" என்றார். பத்தரைக்கு ஃபிளெக்ஸ் வந்து, தெருமுனைக் கம்பத்தில் கட்டினார்கள். பெரியம்மா கண்ணாடி போட்டுச் சிரிக்கிற படம், கீழே சிவப்பு எழுத்தில் மாலை நான்கு மணி. பதினொன்றரைக்குக் கோவளத்திலிருந்து வேன் வந்தது. ஒவ்வொன்றும் நடக்க நடக்க, சொல்ல வேண்டியது கனமாகிக்கொண்டே வந்தது.

மத்தியானம் அம்மாவைச் சமையல் கொட்டகைக்குப் பின்னால் இழுத்துப் போய்ச் சொன்னாள். அம்மாவுக்கு முதலில் புரியவில்லை. புரிந்ததும் முந்தானையால் வாயைப் பொத்திக்கொண்டாள்.

"யாருக்குனா தெரியுமா?"

"அண்ணனுக்குத் தெரியும். சித்தப்பாகிட்ட என்னைத்தான் சொல்லச் சொல்லுச்சி."

"சொல்லாத. பேசாம இரு. பிளேன் லேட்டாயிடுச்சின்னு நாம நெனச்சிக்கினு இருந்ததா இருக்கட்டும். மழ வேற வருது. அவங்களே முடிவு பண்ணுவாங்க."

"அவங்க அடக்கம் பண்ணிடுவாங்கம்மா."

அம்மாவின் கண்ணில் இருந்தது கோபமில்லை என்பது சிநேகாவுக்குத் தெரிந்தது. அந்த நீல நாடாவைத் தெருவெல்லாம் காட்டினவள் அம்மா. இப்போது இருவரும் ஒரே பயத்தோடு, வெங்காயத் தோலுக்கு நடுவில் நின்றுகொண்டிருந்தார்கள்.

ஒரு மணிக்குப் பூபாலனும் இன்னும் மூன்று பேரும் மண்வெட்டியோடு கல்லறைத் தோட்டத்துக்குப் போனார்கள். ஊரில் குழி வெட்டுகிறவர் பூபாலன். கழிவெளித் தண்ணீர் எந்த மாதம் எந்த மட்டத்தில் நிற்கும் என்பது கைரேகை மாதிரி தெரிந்தவர். மழை விட்டு விட்டுத் தூறியது. சிநேகா ஜோஷ்வாவின் எண்ணுக்கு அடித்துப் பார்த்தாள். அணைந்திருந்தது. இப்போது அவன் எங்கோ சித்ரதுர்க்கா பக்கம் ஒரு பஸ் ஜன்னலில் தலை சாய்த்து, தங்கை சொல்லியிருப்பாள் என்று நம்பி உட்கார்ந்திருப்பான். பெரியம்மாவின் கால்மாட்டில் உட்கார்ந்து இதை நினைத்தபோது, குளிர்ப்பெட்டியின் கண்ணாடிக்குள் இருக்கும் முகத்தை அவளால் பார்க்க முடியவில்லை.

மூன்றரைக்கு ஆயர் வந்தார். புதியவர், இளைஞர், ஈரச் செருப்பை வாசலில் விட்டு உள்ளே வந்து ஜெபித்தார். பிறகு சித்தப்பாவைப் பார்த்து, "மகன் வந்துகொண்டிருக்கிறாரா?" என்று கேட்டார்.

சித்தப்பா காலையிலிருந்து ஜோஷ்வாவுக்கு எத்தனை முறை போன் போட்டு, அது எடுபடாமல் வெளியே போய் வெளியே போய் வந்தார் என்பதைச் சிநேகா கவனித்திருந்தாள். அவர் தொண்டையைச் செருமினார்.

"ஈ.சி.ஆர்.ல மரக்காணம் தாண்டிட்டான் ஐயா. இன்னும் ஒரு மணி நேரம். நாம ஆரம்பிச்சிடலாம், நேரா தோட்டத்துக்கே வந்துடுவான்."

"மரக்காணம் தாண்டிட்டானாம்" என்று பெண்களுக்குள் ஒரு வாயிலிருந்து இன்னொரு வாய்க்கு அது போனது. ஒருத்தி, "புள்ள மூஞ்சியப் பாத்துட்டுப் போயிடுவா மகராசி" என்று அழுதாள். சவப்பெட்டியின் மூடியைச் சுவரோரமிருந்து இரண்டு பேர் தூக்கினார்கள். அதே நேரம் பூபாலன் முழங்கால் வரை சேறோடு வாசலில் வந்து நின்று, "குழி ரெடி. ஊற ஆரம்பிச்சிடுச்சி. சீக்கிரம் தூக்குங்கோ" என்றார்.

சித்தப்பாவின் முகத்தைப் பார்த்தாள் சிநேகா. பொய் சொல்லிப் பழகாதவர். கன்னம் இறுகியிருந்தது. காலையில் வாசலில் நின்று, பதினோரு மணிக்குள்ள ஒண்ணு இருக்கும் என்று தான் சொன்னபோது தன் முகமும் இப்படித்தான் இருந்திருக்கும்.

"சித்தப்பா, அண்ணன் மரக்காணத்துல இல்ல."

மெதுவாகத்தான் சொன்னாள். ஆனால் சாவு வீட்டில் எல்லாரும் எதற்கோ காத்திருக்கிற நேரம். எல்லார் காதிலும் விழுந்தது.

"இன்னா?" என்றார் சித்தப்பா.

"பெங்களூருக்கே இன்னும் வந்து சேந்திருக்காது. பஸ்ஸுல வருது. பிளேன் இல்ல. அந்த ஊர்லேர்ந்து பாண்டிச்சேரிக்கு பிளேனே கிடையாது. நான் தெரியாம... இல்ல, தெரிஞ்சேதான் சொல்லிட்டேன். ஏழேகாலுக்கே பாத்துட்டேன். ஒம்போது மணிக்கு அண்ணன் போன் பண்ணி உங்ககிட்டச் சொல்லச் சொல்லுச்சி. நான் சொல்லல."

ஓலம் நின்றுவிட்டது.

மூடியைத் தூக்கினவர்களில் ஒருவன் சின்னராசு, கோவளத்தில் படகு வைத்திருக்கிற உறவுக்காரன், எந்த இடத்திலும் வாய் சும்மா இருக்காதவன். "ஏர்போர்ட்ல வேல செய்யறவளுக்கு பிளேன் போறதும் வரதும் தெரியாதா?" என்றான்.

"நான் ஏர்போர்ட்ல வேல செய்யலண்ணா."

"பின்ன?"

"ஊரப்பாக்கத்துல. டைல்ஸ் கடை மாடியில. எந்த ஊர்லேர்ந்து எந்த ஊரு எவ்ளோ தூரம்னு கம்ப்யூட்டர்ல எழுதற வேல."

"அடிப்பாவி. அப்ப இத்தினி வருஷமா டைல்ஸ் கடை மாடிலேர்ந்தா பிளேன் வுட்டுக்கினு இருந்த?"

யாரோ சிரித்துவிட்டார்கள். சாவு வீட்டில், பிணத்துக்கு எதிரில். சிரித்தவர்கள் உடனே வாயை மூடிக்கொண்டாலும் அந்தச் சிரிப்பு சிநேகாவின் முதுகில் ஒட்டிக்கொண்டது. கூட்டத்தில் அம்மாவைத் தேடினாள். அம்மா சுவர்ப் பக்கம் திரும்பி நின்றிருந்தாள். அப்பா மட்டும் கூட்டத்தைத் தள்ளிக்கொண்டு வந்து அவள் பக்கத்தில் நின்றார். விடுதி வாசலில் நிற்பதைப் போல நிமிர்ந்து நின்றார்.

ஆயர் சித்தப்பாவைப் பார்த்தார். மரக்காணம் என்ன ஆயிற்று என்று அவர் கேட்கவில்லை. கேட்காததுதான் சித்தப்பாவைக் கொன்றது. அவர் கண்ணாடியைக் கழற்றி, துண்டால் துடைத்தார். துடைத்துக்கொண்டே இருந்தார்.

"நாளைக்கு எனக்கு மூன்று ஊரில் ஆராதனை" என்றார் ஆயர். "முடித்துவிட்டு ஒரு மணிக்கு வந்துவிடுகிறேன். மகன் பார்க்கட்டும்."

மூடியை மறுபடி சுவரில் சாய்த்தார்கள். பூபாலன் வாசலிலேயே நின்று எல்லாவற்றையும் கேட்டிருந்தார். "வெட்டின குழிய ராத்திரிக்கு காலியா வுடக் கூடாது. மூடிட்டு நாளைக்கு வேற வெட்டணும்" என்றார். அலுத்துக்கொள்ளவில்லை. மண்வெட்டியைத் தோளில் போட்டுக்கொண்டு, வெட்டின குழியை மூட மழையில் இறங்கிப் போனார்.

வேலையைப் போட்டுவிட்டு வந்தவர்கள் ஒவ்வொருவராகக் கிளம்பினார்கள். வேனில் ஏறும்போது சிலர் அவளைப் பார்த்தார்கள், சிலர் பார்க்காமல் இருப்பதற்குச் சிரமப்பட்டார்கள். தெருமுனை ஃபிளெக்ஸில் நாலு மணியின் மேல் வெள்ளைத்தாள் ஒட்டி, ஞாயிறு மதியம் ஒன்று என்று பேனாவால் எழுதினார்கள்.

சித்தப்பா அவளிடம் கடைசியாகத்தான் வந்தார்.

"காலைலயே சொல்லியிருந்தா நான் ஒருத்தன்தான் உன்னத் திட்டியிருப்பேன்" என்றார். "இப்ப என்னால திட்டவும் முடில. நானும் ஒண்ண அவுத்து வுட்டேன் இல்ல? ஆயர் மூஞ்சில எப்படி முழிக்கறது?"



ஜோஷ்வா மறுநாள் விடிகாலையில் செங்கல்பட்டில் இறங்கினான். அப்பா பைக்கில் போய்க் கூட்டி வந்தார். நேராக அம்மாவிடம் போனான். குளிர்ப்பெட்டியின் கண்ணாடி மேல் நெற்றியை வைத்து, அரை மணி நேரம் அப்படியே இருந்தான். பெண்கள் அவனைச் சூழ்ந்து அழுதார்கள். சிநேகா கதவோரம் நின்றாள்.

பிறகு அவன் முகம் கழுவக் கொல்லைப்பக்கம் வந்தபோது, தண்ணீர்க் குடத்தோடு அவள் அங்கே இருந்தாள். அவன் மோவாய் வழுவழுவென்று இருந்தது. காதோரம் சின்னதாக ஒரு வெட்டுக் காயம்.

"மன்னிச்சிடுண்ணா" என்றாள்.

அவன் தண்ணீரை அள்ளி முகத்தில் அடித்துக்கொண்டான். "ஒரு மணி நேரந்தானன்னு குளிச்சி, சவரம் பண்ணி, சட்ட இஸ்திரி போட்டுக்கினு கிளம்பினேன் பாப்பா. அம்மாவுக்குத் தாடி வச்சா புடிக்காது. அவசரமா ஓடியிருந்தா எட்டு மணி பஸ்ஸே புடிச்சிருப்பேன்." மறுபடி குடத்தில் கை விட்டபடி, "நீ சொல்லலன்னு சித்தப்பா சொன்னாரு. பெட்டி மூடற வரிக்கும் சொல்லலயாமே" என்றான்.

"ஆமாண்ணா."

"ஏன்?"

வெட்கமாக இருந்தது என்று சொல்ல வேண்டும். செத்துப்போனவளுடைய மகனிடம், உன் அம்மாவின் முகத்தைவிட என் முகம் எனக்குப் பெரிதாகத் தெரிந்தது என்று சொல்ல வேண்டும். வேறு எந்த விதமாகச் சொன்னாலும் அது இன்னொரு பொய்யாக இருக்கும்.

"எல்லாரும் சிரிப்பாங்கன்னு பயந்துட்டேன்" என்றாள்.

ஜோஷ்வா துண்டால் முகத்தைத் துடைத்துக்கொண்டு உள்ளே போய்விட்டான்.

மழை இரவெல்லாம் பெய்து, காலையில்தான் விட்டிருந்தது. பதினோரு மணிக்கு வெட்டத் தொடங்கிய குழியில், ஒன்றே காலுக்குப் பெட்டியைக் கொண்டுபோய் வைத்தபோதே கணுக்கால் அளவுக்குத் தண்ணீர் நின்றது. முந்தின நாளின் குழி அப்படி இருந்திருக்காது என்று பூபாலன் சொன்னார். யாரையும் குத்திச் சொல்லவில்லை, தண்ணீர் மட்டத்தைச் சொன்னார். ஆயர் புத்தகத்தைக் கையில் மூடி வைத்துக் காத்திருந்தார். தண்ணீரில் இறக்கக் கூடாது, இறைத்துவிட்டு இறக்கலாம் என்றார் சித்தப்பா.

பூபாலன் உள்ளே இறங்குவதற்குள் ஜோஷ்வா செருப்பைக் கழற்றிவிட்டுக் குதித்துவிட்டான். வேண்டாம் என்று நாலு பேர் கத்தினார்கள். "எங்கம்மாவுக்குத்தான" என்று சொல்லி, வாளியை வாங்கி மொண்டு மேலே தூக்கினான். மேலே நின்ற ஆண்களில் யார் வாங்குவது என்று ஒரு நொடி தயக்கம் இருந்தது. எல்லாரும் நல்ல வேட்டி கட்டியிருந்தார்கள். சிநேகா முன்னால் வந்து, ஈர மண்ணில் மண்டி போட்டு, அந்த வாளியை வாங்கினாள்.

யாரும் அவளை விலகு என்று சொல்லவில்லை. வாங்கித் தள்ளிக் கொட்டினாள், காலி வாளியைக் கீழே நீட்டினாள். மறுபடி வாங்கினாள். பச்சைச் சேலையின் முன்பக்கம் முழுக்கச் சேறானது. பின்னால் சின்னராசு ஏதோ முணுமுணுப்பது கேட்டது. அது அவளைப் பற்றியதாகத்தான் இருக்கும். இருக்கட்டும் என்று கொட்டினாள். இருபது வாளி ஆன பிறகும் குழியின் ஓரங்களிலிருந்து தண்ணீர் கசிந்துகொண்டே இருந்தது.

ஜோஷ்வா இடுப்பில் கை வைத்து மூச்சு வாங்கினான். அண்ணாந்து அவளைத்தான் பார்த்தான். "இன்னும் எவ்ளோ நேரம் ஆவும்?"

அவளுக்குத் தெரிந்த எந்தக் கணக்கிலும் இது அடங்காது.

"தெரியலண்ணா" என்றாள். "பூபாலன் அண்ணனக் கேளு. அவருக்குத்தான் தெரியும்."

பூபாலன் குனிந்து குழியின் சுவரைப் பார்த்துவிட்டு, பத்து வாளி என்றார். ஜோஷ்வா குனிந்து மொள்ளத் தொடங்கினான். சிநேகா கையை நீட்டினாள்.